புற்றுநோய்க்கு ஊரடங்கு உண்டா?

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி இரவு, மறுநாள் முதல் 21 நாளைக்கு இந்த நாட்டில் எவரும் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு பிறந்தது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். ரயில் அதற்கு இரண்டு நாள் முந்தியே நின்று விட்டது. பஸ்ஸும் நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் வந்து போய்க் கொண்டிருந்ததே தவிர, ஊருக்குள் கடைத்தெரு, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாம் ஓசையற்றுப் போயின. திருச்செந்தூர் முருகன் கோவில் கதவு சாத்தப்பட்டது. பனிமய மாதா கோவில் கதவு சாத்தப்பட்டது. பள்ளிவாசல் கதவும் சாத்தப்பட்டது. 21 நாள் என்றது 40 நாளாகி, பிறகு மாதக் கணக்காக நீண்டது. இப்படி எல்லாம் நின்றிருந்த காலத்தில் தான் மாத்திரம் நிற்காமல் வளர்ந்து கொண்டிருந்த ஒன்றைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம். அது நம் ஜனங்களின் வாயிலும், மார்பிலும், கர்ப்பப்பையிலும், குடலிலும் குடியேறியிருந்த புற்றுநோயேயாகும். அதற்கு எந்தக் கலெக்டரும் ஊரடங்கு உத்தரவு போட முடியவில்லை.

நடந்து முடிந்ததை இத்தனை வருஷம் கழித்து ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். நடந்தது முடிந்திருந்தால் கிளற மாட்டோம். கொரோனாவால் செத்தவர்களுக்காவது சரியோ தப்போ ஒரு கணக்கு உண்டு. தினந்தோறும் பத்திரிகையில் போட்டார்கள், ரேடியோவில் சொன்னார்கள். ஆனால் கொரோனாவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலும், போனவர்கள் திருப்பி அனுப்பப்பட்டும், புற்று முற்றிச் செத்தவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? அவர்கள் செத்தது தலைவிதி என்று வீட்டார் சொல்லிக் கொண்டார்கள். நாம் அந்தத் தலைவிதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்கிறோம். அன்றியும் இந்த மாதிரித் தொத்து வியாதி இனி வரவே வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மார்ச்சு 20-ந் தேதியே மத்திய சர்க்கார் சுகாதார இலாகா, அவசரமில்லாத ஆப்பரேஷன்களையெல்லாம் ஒத்திப் போடும்படி ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிப் பாஷையில் ஆப்பரேஷன் இரண்டு வகை. லாரி மோதிக் குடல் சரிந்து வந்தவனுக்கு அப்போதே செய்வது ஒன்று. நாள் குறித்து வரச் சொல்லிச் செய்வது மற்றொன்று. குடலிறக்கம், மூலம், கண்புரை எல்லாம் இந்த இரண்டாவது வகை. புற்றுநோய் ஆப்பரேஷனும் பெரும்பாலும் நாள் குறித்துத்தான் செய்யப்படுகிறது. ஆகவே அதையும் கண்புரையோடு ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்ட ஆஸ்பத்திரிகள் உலகமெங்கும் இருந்தன. நாள் குறித்துச் செய்வது என்றால் எந்த நாளிலும் செய்யலாம் என்று அர்த்தமா? கல்யாணத்திற்கு நாள் குறிக்கும் ஜோசியன் ஆடி போய் ஆவணி வரட்டும் என்றால், பெண் வீட்டாருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு மாதம் கூடுமே தவிர வேறு நஷ்டமில்லை. மார்பில் கட்டி உள்ளவளுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றல்ல. உலகத்தில் பல தேசங்களின் கணக்குகளைத் திரட்டிப் பார்த்து 2020 நவம்பரில் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், புற்றுநோய் ஆப்பரேஷன் ஒவ்வொரு நாலு வாரம் தள்ளிப் போகும் போதும் சாவுக்கு இடம் 100-க்கு 6 முதல் 8 வரை கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது பஞ்சாங்கமல்ல.

நிற்க, இந்தக் கரையில் அது எப்படி நடந்திருக்கும் என்று பார்ப்போம். மணப்பாட்டுப் பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டு அம்மாள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. வலி இல்லை; ஆதலால் பயமும் இல்லை. பிப்ரவரி மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதித்து, ஏப்ரல் முதல் வாரம் ஆப்பரேஷனுக்கு வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் பஸ் இல்லை. வாடகைக் காருக்குப் பணமில்லை. ஏனென்றால் கடலுக்குப் போவது மார்ச்சு கடைசியிலிருந்தே நின்று போயிற்று, விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக் காலமும் வந்து சேர்ந்தது. வைத்தியத்திற்குப் போகலாம் என்று உத்தரவில் இடம் இருந்தது உண்மை. அதற்கு ஒரு பாஸ் வேண்டும். பாஸுக்கு இன்டர்நெட்டில் மனுப் போட வேண்டும். மனுப் போட எழுத்தும் தெரிந்து போனும் வைத்திருக்கிற பிள்ளை வேண்டும். வழியில் போலீசைக் கடக்க வேண்டும். அந்த ஜூன் மாதம் இதே ஜில்லாவில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீசார் கொண்டு போன தகப்பனும் மகனும் காவலில் இருந்தபடியே உயிரை விட்டார்கள் என்பது தெரிந்த பிறகு, எந்த ஏழை பாஸைக் கையில் வைத்துக் கொண்டு தைரியமாய்ப் புறப்படுவான்? ஜூன் முதல் தேதி பஸ் ஓடிற்று, ஜூலை முதல் தேதி திரும்ப நின்றது. ஜில்லா விட்டு ஜில்லா பஸ் ஓடியது செப்டம்பர் 7-ந் தேதிக்குப் பிறகுதான். சுண்டைக்காய் அதற்குள் எலுமிச்சங்காய் ஆகியிருக்கும். கார் உள்ளவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கஷ்டம் குறைவு என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

இதே சமயத்தில் தேசம் என்ன செய்து கொண்டிருந்தது? மார்ச்சு 22-ந் தேதி சாயங்காலம் 5 மணிக்கு டாக்டர்களுக்கு நன்றி என்று கை தட்டினோம். தட்டு, தாம்பாளங்களையும் தட்டினோம். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம். ஒன்பதுக்கு ஒன்பது என்ன பொருத்தம் என்று நவக்கிரகக்காரர்கள் வியாக்கியானம் செய்தார்கள். அதற்கும் முந்தி டில்லியில் ஒரு கூட்டத்தார் பந்தல் போட்டுப் பசு மூத்திரம் குடித்து விருந்து நடத்தினார்கள். மறு வருஷம் மே மாதம் கோயமுத்தூருக்கடுத்த இருகூரில் ஒரு ஆதீனத்தார் "கொரோனா தேவி" என்று கல்லில் சிலை செய்து வைத்துப் பூசையே தொடங்கி விட்டார்கள். வைசூரிக்கு மாரியம்மன் எப்படி உண்டாகியிருப்பாள் என்று நம் பேரப் பிள்ளைகள் கேட்டால், புராணத்தைத் தேட வேண்டியதில்லை. இருகூரைக் காட்டினால் போதும்.

கோவில்களைச் சாத்தியது தப்பு என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். சாத்தியது முழுக்கவும் சரி. கூட்டம் கூடுமிடத்தில் தொத்து வியாதி பரவும் என்பது டாக்டர்களுடைய சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்திற்கு எல்லா மதத்தாரும் அடங்கினார்கள். அந்த வருஷம் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. சூரன் அதற்காக உயிரோடு தப்பி விட்டதாகத் தகவல் இல்லை. நாம் சொல்லுவதெல்லாம், சாத்தியதால் ஒருவருக்கும் சேதமில்லாத கதவும், சாத்தினால் உயிர் போகும் கதவும் ஒரே உத்தரவில் ஒரே மாதிரியாய்ச் சாத்தப்பட்டன என்பதுதான்.

கை தட்டியதற்கு நாலு வாரம் கழித்து, ஏப்ரல் 19-ந் தேதி சென்னையில் கொரோனாவால் இறந்து போன ஒரு ரண வைத்தியரின் பிரேதத்தைப் புதைக்க விடாமல் கும்பல் கூடித் தடுத்தது. ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தது. கூட வந்தவர்கள் காயப்பட்டு ஓடினார்கள். கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவர் இராத்திரியில் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடும்படி ஆயிற்று. கத்தி பிடிக்கும் கைகள் அந்த வருஷம் ஏன் தயங்கின என்று ஆராய்கிறவர்கள், இந்த இரவையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இனி ரண வைத்தியர்கள் என்ன அபிப்பிராயப்பட்டார்கள் என்ற விஷயத்திற்கு வருகிறோம். அதற்கு முந்தி நம் கரையின் பழைய சங்கதி ஒன்று.

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் நடுவிலுள்ள கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலங்களில் கடல்கட்டி என்று ஒரு உத்தியோகஸ்தன் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் வேலை. அவன் வந்து மந்திரம் சொன்னாலொழியக் குளிகாரர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்தான், எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதி வைத்திருக்கிறான். ராஜாவுக்குப் பத்தில் ஒன்று என்றால் மந்திரத்திற்கு இருபதில் ஒன்று! அதிலும் கட்டு பகலுக்கு மாத்திரந்தானாம். பொழுது சாய்ந்தால் அவிழ்த்து விடுவார்களாம். இராத்திரியில் திருட்டுத்தனமாய் எவனும் இறங்காமலிருக்க இதைவிடச் செலவில்லாத காவல் வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. பரதவர்கள் 16-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களான பிறகும் இந்த உத்தியோகம் போகவில்லை. 19-ம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாயிருந்த டெனன்ட் என்ற வெள்ளைக்காரர் மன்னார்ப் பக்கத்துக் குளிப்பைப் பார்க்கப் போன போது, அந்தப் பரம்பரையின் தலைவனே கத்தோலிக்கனாயிருந்தான். அன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லை. பதிலாள் ஒருவனை அனுப்பியிருந்தான். அந்தப் பதிலாள், தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாதென்றும், ஆனாலும் எஜமானுக்காகத் தான் வந்து நிற்பதே சுறாக்களுக்குப் போதுமென்றும் சொன்னதாக டெனன்ட் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் மந்திரம் தெரியாத பதிலாளுக்கு என்றைக்குத்தான் பஞ்சம்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுறா பொய்யல்ல. சுறா மெய், அதன் பல்லும் மெய். மந்திரந்தான் பொய். குளிகாரனைக் காப்பாற்றியது, ஏக காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் இறங்கிக் கடலைக் கலக்கிய இரைச்சலும், தோணியில் கயிற்றைப் பிடித்துக் கொண்டு அசைவு கண்ட மாத்திரத்தில் இழுத்தவனுடைய கையுமேயாகும். சுறா இருக்கிறது என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தால் முத்து இல்லை, கூலி இல்லை, கஞ்சி இல்லை. மந்திரத்தை நம்பித் தலைகீழாய்க் குதிக்கவும் கூடாது. பயந்து கரையில் இருக்கவும் கூடாது. கயிறு பிடிக்க நல்ல ஆளை வைத்துக் கொண்டு இறங்க வேண்டும். 2020-ல் ரண வைத்தியர்களின் முன் இருந்த பிரச்சினையும் இதுதான்.

முதல் சில வாரங்களில் இறங்காதே என்றவர்களே அதிகம். அவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆப்பரேஷன் செய்யும் சமயத்தில் நோயாளிக்குக் கொரோனாவும் இருந்தால் என்ன ஆகும் என்று 24 தேசங்களில் 235 ஆஸ்பத்திரிகளின் ரண வைத்தியர்கள் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். அப்படிப்பட்ட 1,128 பேரில் 30 நாளைக்குள் 268 பேர் இறந்து போனார்கள். அதாவது 100-க்கு 24 பேர். பாதிப் பேருக்கு மேல் நுரையீரல் கோளாறு. இவர்களில் முக்கால்வாசி அவசர ஆப்பரேஷன்காரர்கள் என்பதும் உண்மை. ஆனாலும் நாலில் ஒருவர் சாகும் வேலையை எந்த டாக்டர் துணிந்து செய்வார்? மேலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும், மூச்சு யந்திரமும், ஆக்சிஜனும், தீவிர சிகிச்சை வார்டில் படுக்கையும் கொரோனாக்காரர்களுக்கே போதாமலிருந்தன. இருப்பதை யாருக்குக் கொடுப்பது? மூச்சுத் திணறிக் கொண்டு வாசலில் கிடப்பவன் கண்ணுக்குத் தெரிகிறான். நாலு மாதம் கழித்துச் சாகப் போகிறவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் வீட்டில் மீன் கழுவிக் கொண்டிருக்கிறாள்.

ஆக்சிஜன் என்றதும் தூத்துக்குடிக்காரர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். 2018 மே மாதத்தில் 13 பேரைத் துப்பாக்கிக்குப் பலி கொடுத்து மூட வைத்த செம்பு ஆலையையே, 2021-ல் ஆக்சிஜனுக்காக மாத்திரம் திறக்கும்படி ஆயிற்று. அந்த ஆலைக்கும் நோய்க்கும் உள்ள வழக்கு தனி. அதை இங்கே நாம் அவிழ்க்கப் போவதில்லை.

இறங்கலாம் என்றவர்களும் இருந்தார்கள். 1941 முதல் பம்பாயில் நடந்து வரும் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியின் ரண வைத்தியர்கள், ஊரடங்கு மிகக் கடுமையாயிருந்த 2020 மார்ச்சு 23-லிருந்து ஏப்ரல் 30-க்குள் 494 பேருக்குப் பெரிய புற்றுநோய் ஆப்பரேஷன்கள் செய்தார்கள். ஆறு பேருக்குக் கொரோனா கண்டது. ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒருவர் கூடச் சாகவில்லை. அதைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பதற்கு முன் அவர்களே எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும்: நோயாளிகளில் பாதிப் பேர் 48 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டினவர்கள் 100-க்கு 13 பேரே, மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் புற்றைத் தவிர வேறு வியாதி இல்லை. ஆகவே தேர்ந்தெடுத்து, அளந்து இறங்கினார்கள். தங்கள் கணக்கில் தங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து எழுதுகிறவர்களை நாம் நம்புகிறோம். கடல்கட்டி தன் மந்திரம் பலிக்காத நாளைக் கணக்கு எழுதி வைத்ததுண்டா?

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே, மெல்ல மெல்ல, மூன்றாவது அபிப்பிராயம் உண்டாயிற்று. வாய்ப்புற்று, குடல் புற்று போன்று காத்திருக்க முடியாதவர்களை முதலில் எடுத்துக் கொள்ளுவது. மார்புப் புற்றில் சிலருக்கு மாத்திரையோ, மருந்து ஏற்றுவதோ, கரண்டு வைப்பதோ முந்திக் கொடுத்துக் கொஞ்ச காலம் தாங்க வைப்பது. புற்றுநோய் ஆப்பரேஷனுக்கென்று கொரோனாக்காரர் காற்றே படாத தனித் தியேட்டர், தனி வார்டு, தனி ஆட்கள் வைத்துக் கொள்ளுவது. 55 தேசங்களில் 9,171 புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்ததில், இந்தத் தனி ஏற்பாட்டில் ஆப்பரேஷன் செய்யப்பட்டவர்களுக்கு நுரையீரல் கோளாறு 100-க்கு 2 பேருக்குத்தான் வந்தது. தனி ஏற்பாடு இல்லாத இடங்களில் 100-க்கு 5 பேருக்கு வந்தது. கொரோனா வந்து தெளிந்தவனை எவ்வளவு நாள் பொறுத்து ஆப்பரேஷன் மேசையில் ஏற்றலாம் என்பதையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. 116 தேசங்களில் 1,40,231 பேரைப் பார்த்து, ஏழு வாரம் பொறுத்தால் ஆபத்து பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். முதல் வாரத்தில் சொன்ன அபிப்பிராயத்தை ஆறாவது மாதத்தில் மாற்றிக் கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. வேதம் மாறாது என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இது விளங்காது. வைத்தியத்தின் யோக்கியதையே அது மாறக் கூடியது என்பதில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த ஞானம் வருவதற்குள் எவ்வளவு நஷ்டம் என்பதையும் பார்க்க வேண்டும். நேஷனல் கேன்சர் கிரிட் என்று புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டு ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அதில் 41 ஆஸ்பத்திரிகளின் புஸ்தகங்களைப் புரட்டி, 2019-ம் வருஷம் மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களையும் 2020-ல் அதே மூன்று மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2019-ல் பெரிய ஆப்பரேஷன்கள் 17,120. 2020-ல் 8,677. பாதிக்குப் பாதி போயிற்று. கரண்டு வைத்துக் கொண்டவர்கள் 51,142-லிருந்து 39,365 ஆனார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் ஆப்பரேஷன் தியேட்டரில் அல்ல, வாசலில். 2019-ல் அந்த மூன்று மாதத்தில் புதிதாய் வந்து பெயர் பதிந்து கொண்ட நோயாளிகள் 1,12,270 பேர். 2020-ல் 51,760 பேர். மீதி 60,510 பேர் எங்கே? அந்த வருஷம் புற்றுநோய் பாதிப் பேருக்கு வராமலே போயிற்று என்று சொல்ல எந்தப் பைத்தியக்காரனும் துணிய மாட்டான். அவர்கள் வீட்டில் இருந்தார்கள். சிலர் பிறகு வந்திருக்கலாம். வந்த போது நோய் எந்த நிலையில் இருந்திருக்கும்?

உலகத்துக் கணக்கும் இதே கதையைத்தான் சொல்லுகிறது. 61 தேசங்களில் 466 ஆஸ்பத்திரிகளில் ஆப்பரேஷனுக்குக் குறிக்கப்பட்டிருந்த 20,006 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஊரடங்கு லேசாயிருந்த இடங்களில் ஆப்பரேஷன் கிடைக்காமல் போனவர்கள் 200-க்கு ஒருவர் போல. நடுத்தரமாயிருந்த இடங்களில் 100-க்கு ஐந்தாறு பேர். முழு ஊரடங்கு இருந்த இடங்களில் 100-க்கு 15 பேர், அதாவது ஏழு பேருக்கு ஒருவர். ஏழைத் தேசங்களில் இருந்தவர்களுக்கும், நோய் முற்றினவர்களுக்கும், உடம்பு தளர்ந்தவர்களுக்கும் ஆப்பரேஷன் கிடைக்காமல் போனது அதிகம். இது 2021-ல் லான்செட் கூட்டத்துப் பத்திரிகையில் வந்தது. ஊரடங்கே கூடாது என்று இதிலிருந்து யாரும் வாதாட வேண்டாம். வியாதி பரவியிருந்தாலும் ஆப்பரேஷன் நின்றுதான் போயிருக்கும். ஊரை அடக்குகிறவன் எதை அடக்கக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும் என்பதே நாம் சொல்லுவது.

அந்த 41 ஆஸ்பத்திரிக் கணக்கில் மற்றொரு விஷயம் இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு. பெரிய பட்டணங்களில் இருந்த ஆஸ்பத்திரிகளில்தான் வேலை அதிகம் குறைந்தது. சிறிய ஊர்களில் இருந்தவற்றில் அவ்வளவு குறையவில்லை. பெரிய பட்டணத்தில் பெரிய யந்திரமும் பெரிய டாக்டரும் இருக்கிறார்கள். ஆனால் நோயாளி தூரத்தில் இருக்கிறான். ரயில் நின்றதும் எல்லாம் நின்றது. தூத்துக்குடிக்காரனுக்குச் சென்னை 600 கிலோமீட்டர். முத்து நகர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் இறங்கலாம் என்பது எக்ஸ்பிரஸ் ஓடும் வரையில்தான். வைத்தியம் எவ்வளவு உசத்தியானது என்று பார்க்கிற சர்க்கார், எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகும் தோட்டக் கூலிகளைப் பிளேக் பயத்தால் தடுத்து வைக்க நம் பக்கத்தில் தட்டப்பாறையில் முகாம் போட்டார்கள். தொத்து வியாதி என்றால் ஏழையைத் தடுத்து வைக்க முகாம் போடத் தெரிந்த ராஜாங்கங்களுக்கு, ஏழையைக் கொண்டு சேர்க்க வண்டி விடத் தெரியவில்லை.

அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எப்படி உண்டாயிற்று என்பதை நம் தோழர்கள் மறக்கக் கூடாது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினாரே, அந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்தான் அதற்கும் காரணம். தாசி முறை தெய்வீகம் என்று வாதாடினவர்களுக்கு நம் இயக்கம் பதில் சொல்லிக் கொண்டிருந்த காலத்திலேயே, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறி கொடுத்த துக்கத்தை அந்த அம்மையார் மனதில் வைத்திருந்தார். 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. டாக்டர்கள் இரண்டே பேர்: அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும். அந்த ஆஸ்பத்திரியில்தான் 1969 பிப்ரவரி 3-ந் தேதி அறிஞர் அண்ணா கண்ணை மூடினார். அதற்கு நாலரை மாதம் முந்தி நியூயார்க்கில் அவருக்கு ஆப்பரேஷன் நடந்திருந்தது. கடல் கடந்து போக வசதியுள்ள முதல் மந்திரிக்கே நோய் தெரிந்த காலம் பிந்திவிட்டது. தொண்டு செய்தே 93 வயதான சாந்தா அம்மையார் 2021 ஜனவரி 19-ந் தேதி, கொரோனா ஊசி போடத் தொடங்கின மூன்றாம் நாள், இறந்து போனார். ஒரு பெண், தாசி குலத்தில் பிறந்த தாயின் வயிற்றில் பிறந்து, ஆண்கள் காலேஜில் சண்டை போட்டு இடம் வாங்கி, டாக்டராகி, இதைச் செய்ய முடிந்தது. இத்தனை கோடி ரூபாய் வரவு செலவு போடுகிற சர்க்காருக்கு ஜில்லாவுக்கு ஒன்று முடியாதா?

நம்மவர்களிடமும் ஒரு குற்றம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சர்க்காரை மாத்திரம் சொன்னால் நாம் யோக்கியர்களல்ல. கத்தி பட்டால் புற்று பரவும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் மாத்திரமல்ல, பட்டணத்தில் படித்தவர்கள் வீட்டிலும் இருக்கிறது. இது எப்படி வந்தது? நோய் உடம்பெல்லாம் பரவின பிறகு கடைசியாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கத்தி வைத்தும் பிழைக்கவில்லை. பழி கத்தியின் மேல் விழுகிறது. நேரத்தில் போய்ப் பிழைத்து வந்தவளோ, மார்பை எடுத்ததை வெளியில் சொன்னால் மகள் கல்யாணம் நிற்கும் என்று வாயை மூடிக் கொள்ளுகிறாள். செத்தவன் சாட்சி சொல்லுகிறான். பிழைத்தவள் சாட்சி சொல்லுவதில்லை. இந்த வழக்கில் கத்தி தோற்காமல் என்ன செய்யும்? ஊரடங்கு வந்த போது இப்படிப்பட்ட வீடுகளில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட உண்டாகியிருக்கும்: போக வேண்டாம், சர்க்காரே போகாதே என்று சொல்லிவிட்டது! வேண்டுதலுக்கும், எண்ணெய்க்கும், தகட்டுக்கும், ஊர் பேர் தெரியாத லேகியத்திற்கும் அதைவிட நல்ல காலம் ஏது? சுயமரியாதைக் கல்யாணத்திற்குப் புரோகிதனை வேண்டாமென்று சொல்லத் தைரியம் வந்த தோழர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணின் மார்புக் கட்டியைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சப்படுவதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி வாயில் வெள்ளைப்படை விழுந்த பிறகும், இது சூட்டுக் கொப்புளம் என்று நல்லெண்ணெய் கொப்பளித்துக் கொண்டு நம் கூட்டத்திலேயே முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. தொத்து வியாதிக் காலத்திற்கு என்று இப்போதே எழுதி வைக்கும் திட்டத்தில், புற்றுநோய் ஆப்பரேஷனை ஒத்திப் போடக் கூடியவை என்ற ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஜில்லாப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தியேட்டரும், சில படுக்கைகளும், ஒரு மயக்க டாக்டரும் எது வந்தாலும் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பஸ் நின்றால் நோயாளியை வீட்டிலிருந்து கொண்டு வந்து விட வண்டி வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டே பாஸ் என்று போலீசுக்கு உத்தரவு வேண்டும். யாருக்கு நாள் தள்ளிப் போயிற்றோ அவர்களுடைய பட்டியலை வைத்துக் கொண்டு ஆஸ்பத்திரியே கூப்பிட வேண்டும். அவர்கள் தாமாக வரட்டும் என்று இருக்கக் கூடாது. ரண வைத்தியர்கள் இதைவிட நல்ல யோசனை வைத்திருப்பார்கள். அவர்களைக் கேட்டுச் செய்யட்டும்.

அந்த 60,510 பேரில் நம் கரையைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் கிடைக்காது. வராதவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? அது தெருவில்தான் கிடைக்கும். ஆகையால் தூத்துக்குடி, வேம்பார், தருவைக்குளம், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு முதலிய ஊர்களில் உள்ள தோழர்கள், தங்கள் தங்கள் தெருவில் 2020, 2021 வருஷங்களில் புற்றுநோய்க்கு நாள் தள்ளிப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்கே போகாமல் இறந்தவர்கள் ஆகியோர் விவரத்தை வீட்டாரிடம் பக்குவமாய்க் கேட்டு, என்ன இடத்தில் நோய், எந்த மாதம் தெரிந்தது, எந்த மாதம் போக முடிந்தது, எதனால் தடைப்பட்டது என்ற நாலு விஷயங்களை மாத்திரம் ஒரு கார்டில் எழுதி நமது காரியாலயத்துக்கு அனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். பெயர் வேண்டியதில்லை. வந்தவற்றைத் தொகுத்து ஜில்லா அதிகாரிகளுக்கும் சுகாதார மந்திரிக்கும் அனுப்புவதோடு, இப்பத்திரிகையிலும் வெளியிடுவோம்.